செவ்வாயில் உயிர் இருந்ததா? சான்று பேசட்டும்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா ஒரு செய்தியை வெளியிட்டது. செவ்வாய்க் கோளில் பெர்சிவரன்ஸ் ஆய்வூர்தி துளையிட்டு எடுத்த பாறை மாதிரி ஒன்றில், பண்டைய நுண்ணுயிரிகள் விட்டுச்சென்ற தடயமாக இருக்கக்கூடிய அறிகுறிகள் உள்ளன என்பதே அச்செய்தி. 'இருக்கக்கூடிய' என்னும் சொல் மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால், இத்தகைய செய்தி புலனத்தில் கைமாறும்போது முதலில் உதிர்ந்துபோவது அந்தச் சொல்தான். 'செவ்வாயில் உயிர் கண்டுபிடிப்பு' என்ற தலைப்பு மட்டுமே எஞ்சுகிறது. உதிர்ந்துபோகும் அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வது இன்றைய மாணவர்களுக்கு இன்றியமையாதது.

பெர்சிவரன்ஸ் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் ஜெசெரோ என்னும் பெரும் பள்ளத்தில் தரையிறங்கியது. பல பில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் அப்பள்ளத்தில் ஆறு பாய்ந்தது, ஏரியும் இருந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அந்தப் பழைய ஆற்றுப் படுகையில் 'செயாவா ஃபால்ஸ்' எனப் பெயரிடப்பட்ட பாறையை ஆய்வூர்தி கண்டது. அதன்மேல் சிறுத்தைத் தோலில் உள்ளவை போன்ற புள்ளிகள் காணப்பட்டன. அவற்றில் விவியனைட், கிரீகைட் ஆகிய இரு கனிமங்கள் இருப்பதற்கான அடையாளங்கள் தெரிந்தன. இரண்டும் இரும்பு கலந்தவை. பாறையில் கரிமப் பொருளும் இருந்தது.

இந்தக் கண்டுபிடிப்பின் பொருளை உணரத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கெடா மாநிலத்தின் பாடாங் செராய் போன்ற தோட்டப்புற ஊர்களின் மண்ணே அதை விளக்கும். செம்மண் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள இரும்புத் துரு. செவ்வாய் சிவந்து தோன்றுவதற்கும் அதுவே காரணம். நீர் தேங்கி, ஆக்சிஜன் குறைந்த மண்ணில் இதே இரும்பு நிறம் மாறிச் சாம்பல் நிறமாகிறது. மட்கும் இலைகளை உண்ணும் நுண்ணுயிரிகள் இம்மாற்றத்தை விரைவுபடுத்துகின்றன. பூமியின் சதுப்புநிலங்களில் விவியனைட் உருவாவதும் பெரும்பாலும் இப்படித்தான். எனவே, செவ்வாய்ப் பாறையில் அது தென்பட்டபோது அறிவியலாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும், இதே மண் மற்றொரு பாடத்தையும் சொல்கிறது. செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் சில வேளைகளில் ஆரஞ்சு நிறப் படிவு தோன்றும். அது இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிரிகளின் வேலையாக இருக்கலாம். நீரில் கரைந்த இரும்பு காற்றுப் பட்டுத் தானாகத் துருப்பிடித்ததாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து இதுதான் என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. அருகிலுள்ள வாய்க்காலுக்கே நுண்ணோக்கி தேவைப்படும்போது, கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பாறைக்கு எவ்வளவு சோதனை தேவைப்படும்!

அவசரப்பட்டு முடிவுகட்டினால் என்ன நேரும் என்பதை வரலாறு காட்டுகிறது. 1976-ஆம் ஆண்டு செவ்வாயில் இறங்கிய இரு வைக்கிங் விண்கலங்கள், அங்குள்ள மண்ணில் ஊட்டச்சத்துக் கரைசலை ஊற்றிப் பார்த்தன. மண்ணிலிருந்து வாயு வெளிப்பட்டது. உயிர் இருக்கிறது என்றார் அச்சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின். ஆனால், மற்றொரு கருவி அம்மண்ணில் கரிமப் பொருளைக் காணவில்லை. மண்ணிலுள்ள வேதிப்பொருள்களே வாயுவை உண்டாக்கியிருக்க வேண்டும் எனப் பெரும்பாலோர் முடிவு செய்தனர். 1996-ஆம் ஆண்டிலோ, அண்டார்ட்டிகாவில் கண்டெடுக்கப்பட்ட செவ்வாய் விண்கல்லில் புழு போன்ற நுண்ணிய வடிவங்கள் தெரிந்தன. அமெரிக்க அதிபர் பில் கிளின்டனே அதைப் பற்றி உரையாற்றினார். பின்னர் வந்த ஆய்வுகள், உயிரின் துணையின்றியும் அத்தகைய வடிவங்கள் உருவாகலாம் எனக் காட்டின.

மீத்தேன் வாயுவின் கதையும் அத்தகையதே. தமிழரான சுப்பையா அருணன் திட்ட இயக்குநராகப் பணியாற்றிய இந்தியாவின் மங்கள்யான், 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அது மீத்தேனை அறியும் உணரியையும் சுமந்து சென்றது. பூமியில் மீத்தேனின் பெரும்பகுதி உயிரினங்களிலிருந்து வருவதே அதற்குக் காரணம். செவ்வாயின் தரையில் உலவும் கியூரியாசிட்டி, சிறிதளவு மீத்தேன் இருப்பதாகக் காட்டியது. ஐரோப்பாவும் ரஷ்யாவும் அனுப்பிய சுற்றுக்கலனோ எதையும் காணவில்லை. இந்த முரண்பாடு இன்னும் தீரவில்லை.

"இப்படித் தயங்கிக்கொண்டே இருந்தால் உண்மை எப்போது வெளிவரும்?" என்று சிலர் கேட்கலாம். தயக்கம் வேறு, ஆய்வு வேறு. உயிர் உண்டு என்று அறிவிப்பதற்கு முன் கடக்க வேண்டிய ஏழு படிகளை நாசா அறிவியலாளர்கள் 2021-ஆம் ஆண்டு முன்மொழிந்தனர். தடயத்தைக் காண்பது முதற்படி. உயிரில்லா வழிகளில் அது உருவாகியிருக்க முடியாது என மெய்ப்பிப்பது அதற்கு மேலுள்ள படிகளுள் ஒன்று. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்னும் முதுமொழியும் இதைத்தான் வலியுறுத்துகிறது.

கடாரத்தின் பழமையைத் தேடுவோரும் இவ்வழியே நடக்கின்றனர். கெடாவின் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழங்கால இரும்பு உருக்கு உலைகளையும் இரும்புக் கசடுகளையும் அகழ்ந்தெடுத்தனர். அங்கு இரும்பு உருக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அதன் தொடக்கம் எவ்வளவு பழமையானது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் கெடாவின் பெருமையைக் குறைத்துவிடவில்லை. சோதித்து உறுதிசெய்யப்பட்ட பெருமையே நிலைக்கும்.

எனினும், பொறுமை என்பது கைகட்டி நிற்பதன்று. செயாவா ஃபால்ஸ் பாறையின் மாதிரி இப்போது ஒரு குழாயில் அடைபட்டுச் செவ்வாயிலேயே இருக்கிறது. பூமியின் ஆய்வுக்கூடங்களுக்குக் கொண்டுவந்தால்தான் அதை நுணுக்கமாகச் சோதிக்க முடியும். அதைக் கொண்டுவரும் திட்டத்திற்கு 11 பில்லியன் அமெரிக்க டாலர் வரை செலவாகும் என மதிப்பிடப்பட்டதால் அத்திட்டம் தடுமாறியது. சீனா 2028-ஆம் ஆண்டளவில் தன் விண்கலத்தை ஏவி, செவ்வாயின் வேறோர் இடத்திலிருந்து மாதிரி கொண்டுவரத் திட்டமிட்டுள்ளது. பூமியில் பசியும் நோயும் இருக்க இத்தனை பணம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், ஒரு நாடு தனித்துச் சுமக்க வேண்டிய சுமை அன்று இது. பல நாடுகள் பகிர்ந்துகொள்ளலாம். உலகில் உயிர் தோன்றியது ஒருமுறை மட்டுமா என்னும் கேள்வி மனித இனம் முழுமைக்கும் உரியது. பாதி வழியில் அதைக் கைவிடுவது, கேள்வித்தாளைப் படித்துவிட்டு விடை எழுதாமல் எழுந்து செல்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே, செவ்வாயில் உயிர் இருந்தது என்று இன்று அடித்துக் கூறுவதும் தவறு. இல்லவே இல்லை என்று மறுப்பதும் தவறு. சான்று எங்கே, வேறு விளக்கம் உண்டா, மற்றவர்கள் சோதித்தார்களா என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு மாணவரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். செவ்வாயிலிருந்து வரும் செய்திக்கு மட்டுமன்றி, அன்றாடம் கைப்பேசிக்கு வரும் ஒவ்வொரு செய்திக்கும் அவை பொருந்தும்.