உத்தியோக ஆங்கிலமும் எம் மாணவரும்

விழாக்காலத்திலே பழம்பெருமை பேசுதல் இயல்பு. எனினும், எம் மாணவர்க்கு நாளை வேண்டுவது யாதென ஆராய்தலும் கல்லூரியன்பர் கடனாகும். அவ்வகையில், தொழிலுலகின் ஆங்கிலச் சொற்களைக் கற்கும் முறை குறித்துச் சில கூற விழைகின்றோம்.

இச்சொற்களைப் பட்டியலாக்கி, நாளொன்றுக்குப் பத்தென மனனஞ் செய்வோர் பலர். அம்முயற்சியை நாம் இகழோம். ஆயினும், சொல்லின் பொருளை அறிதல் வேறு. அச்சொல் தமக்குத் தரும் உரிமையையும் விதிக்கும் கடமையையும் அறிதல் வேறு.

நியமனக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். 'புரொபேஷன்' என்பதற்குத் தகுதிகாண் காலம் என எழுதிவிடலாம். அக்காலம் எத்தனை மாதம், அது நீட்டப்படுமா, இடையில் விலக எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும் என வினாவுபவனே அச்சொல்லைக் கற்றவன். ஒப்பந்த எழுத்திலே 'ஷல்' என்பது கடமையையும், 'மே' என்பது விருப்புரிமையையும் குறித்தல் பொதுவழக்கு. ஊக்கப்பணம் பற்றிய வாக்கியத்தில் 'மே' என்றிருப்பின், அப்பணம் கிடைக்கக்கூடியது, கிடைத்தே தீருவதன்று.

சம்பளச் சிட்டையும் அத்தகையதே. 'குறொஸ்' என்பது கழிவுகளுக்கு முந்திய மொத்தம். 'நெற்' என்பது கைக்கு வருவது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு, ஊழியர் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். தொழில்வழங்குநர் தம் பங்காக 12 வீதம் சேர்த்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குரிய 3 வீதம் முற்றாகத் தொழில்வழங்குநர் பொறுப்பு. அதனை ஊழியர் சம்பளத்திற் கழித்தல் ஆகாது. 'டிடக்ஷன்', 'கொன்றிபியூஷன்' என்னும் இரண்டின் வேறுபாட்டை அறியாதவன், தனக்குரிய பணம் செலுத்தப்படாது நின்றாலும் அறியான்.

வேலையிற் சேர்ந்தபின் இவை தாமே விளங்கும் என்பாரும் உளர். கையெழுத்தோ வேலைக்கு முன்னரே இடப்படுவது. விளங்காத கடிதத்திற் கையொப்பமிட்டபின் அகராதியைப் புரட்டுதல், வெள்ளம் போனபின் அணை கட்டுதலாகும்.

ஆங்கிலத்தை நன்கு கற்கத் தமிழை ஒதுக்கவேண்டுவதுமில்லை. மேனாட்டு மருத்துவத்தையே 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலே தமிழிற் கற்பித்தார் வைத்தியர் கிறீன். விடயம் தாய்மொழியில் விளங்கிவிடின், ஆங்கிலச் சொல் அதன்மேல் எளிதில் அமரும். விடயம் விளங்காவிடின், சொல் நாவோடு நின்றுவிடும்.

ஆதலின் பழைய மாணவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. வங்கியிலும் கச்சேரியிலும் வைத்தியசாலையிலும் வணிக நிலையங்களிலும் கடமையாற்றுவோர், பெயர் நீக்கிய நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, விடுமுறை விண்ணப்பம் ஆகியவற்றோடு தவணைக்கு ஒருமுறையேனும் உயர்தர வகுப்பிற்கு வருவாராக. வரிக்கு வரி வாசித்து, தமிழிற் பொருள் உரைத்து, பின் மாணவரைக் கொண்டே ஆங்கிலத்தில் மறுமொழி எழுதுவிப்பாராக. கட்டடத்திற்கு நிதி உதவுவோர் சிலரே. இவ்வுதவியோ உத்தியோகம் பார்க்கும் ஒவ்வொருவர்க்கும் இயலும்.