சோற்றுக் கிறிஸ்தவர் என்னும் ஏச்சு

சில காலத்துக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்திலே, நன்கு கற்றவரும் நாவன்மை படைத்தவருமான அன்பர் ஒருவர் ஈழத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேச நேர்ந்தபொழுது அவர்களை இரு கூறாகப் பிரித்தார். ஆராய்ந்து தெளிந்து சமயம் மாறியோர் ஒரு சாரார். எஞ்சியோர் சோற்றுக் கிறிஸ்தவர். சபையிலே சிரிப்பொலி எழுந்தது. பின்வரிசையில் இருந்த சிலர் சிரிக்கவில்லை. அவர்களுடைய பாட்டன்மார் எந்தக் கோவிலின் வெளி வீதியில் நின்று கும்பிட்டுத் திரும்பினர் என்பதை அறிந்திருந்த எனக்கும் சிரிப்பு வரவில்லை.

சோற்றுக் கிறிஸ்தவர் என்னும் ஏச்சு ஒரு கேள்வியைத் தன்னுள்ளே கொண்டது. "நீ எதற்காக வந்தாய்?" என்பதே அக்கேள்வி. கேட்கத்தகாத கேள்வியன்று, கேட்கட்டும். ஆனால் எல்லாரிடமும் கேட்கவேண்டும் என்பதே என் வாதம். நம் சமூகத்தில் இக்கேள்வி ஏழையிடம் மட்டுமே கேட்கப்பட்டு வந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றினர். அவர்களது ஆட்சியிலே முதலியார் முதலாய உத்தியோகங்களைப் பெறுவதற்குச் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. விவாகமும் பிறப்பும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. அப்பதிவு இல்லாதவனுக்குச் சொத்துரிமையே ஐயத்துக்குரியதாயிற்று. அக்காலத்தில் ஞானஸ்நானத் தொட்டிக்கு முந்தியடித்துக்கொண்டு சென்றவர் யார்? காணி வைத்திருந்தவரும் பதவி வேண்டியவருமே. பகலிலே தேவாலயத்தில் விசுவாசப்பிரமாணம் ஒப்புவித்து, விரத நாளிலே வீட்டில் உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்த கதைகளை நம்மவர் இன்றும் சுவையோடு சொல்வர். 1795ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. உத்தியோகத்துக்குச் சமய நிபந்தனை தளர்ந்தது. தோம்பிலே பெயர் எழுதியிருந்த அப்பெருங்கூட்டம் சில ஆண்டுகளுள் வெயில் கண்ட பனி போல் மறைந்தது. இவர்களை எவரும் "உத்தியோகக் கிறிஸ்தவர்" என்று ஏசியதில்லை. அவர்களுடைய சந்ததியார் அதனை அன்னியனை ஏமாற்றிய சாதுரியம் என்று மெச்சுகின்றனர். செல்வன் செய்தால் சாதுரியம். ஏழை செய்தால் சோறு!

அதே ஒல்லாந்தர் காலத்தில் வேறொரு கூட்டமும் இருந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரணதண்டனை என்று 1658இலேயே கட்டளை பிறந்தது. 1687இல் யோசேவாஸ் முனிவர் கோவையிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, நோயுற்றுக் கிடந்த அவரைக் காத்தவரும், பின்னர்ச் சில்லாலையிலே அவரை மறைத்து வைத்தவரும் சாதாரணக் குடியானவரே. அவர்களுடைய முன்னோர் போர்த்துக்கேயர் காலத்தில் எந்நோக்கத்தோடு மதம் மாறினரோ, அச்சத்தாலோ ஆதாயத்தாலோ, அதனை நான் வாதிக்கப் புகவில்லை. வந்த வழி எதுவாயினும், மூன்று தலைமுறைக்குள் அவர்கள் உயிரைப் பணயம் வைக்கும் விசுவாசிகள் ஆகிவிட்டனர். மனிதன் ஒரு வாயிலால் நுழைகிறான். உள்ளே சென்றபின் என்ன ஆகிறான் என்பதை வாயில் தீர்மானிப்பதில்லை.

இதற்கு முந்திய சான்று மன்னார். எதிர்க்கரையிலே முத்துக்குளித்துறைப் பரதவர், முத்து வியாபாரப் போட்டியில் நசுக்கப்பட்டு, 1530களில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி, பட்டங்கட்டிகளின் தலைமையில் ஆயிரமாயிரமாக ஞானஸ்நானம் பெற்றனர். அது அரசியல் உடன்படிக்கை, ஒளிக்க ஒன்றுமில்லை. பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தது 1542இல். அதாவது ஞானஸ்நானம் முந்தியது, உபதேசம் பிந்தியது. சவேரியார் அனுப்பிய ஒருவரிடம் மன்னார்க் கரையோர மக்களும் அச்சமயத்தைத் தழுவினர். பறங்கியரின் ஆதிக்கம் அவ்வழியே நுழையுமென அஞ்சிய யாழ்ப்பாண அரசன் சங்கிலி 1544இல் அவர்களுள் ஏறத்தாழ 600 பேரைக் கொல்வித்தான். அரசனின் அச்சம் அரசியற் காரணமற்றதன்று என்பதை 75 ஆண்டுகளின் பின் 1619 காட்டிற்று. ஆனால் வாளின் முன் நின்றவர்கள் சில மாதக் கிறிஸ்தவர்கள், எழுத்தறியாத மீனவர்கள். சோறு உயிரோடிருப்பவனுக்கு அல்லவா வேண்டும்?

இனி, சோறு மனிதனைக் கிறிஸ்தவனாக்கும் என்னும் கூற்றின் மறுபக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர்; 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். உணவும் உடையும் உறைவிடமும் கல்வியும் கொடுத்தனர். பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்களை மாணவர்க்கு இட்டனர். கரோல் என்னும் பெயரைத் தாங்கிய விசுவநாதபிள்ளை பிற்காலத்திற் சைவரானார். உண்டவர் பலர் உண்டு, படித்து, உத்தியோகம் பெற்று, திருநீறு பூசிக்கொண்டே வீடு திரும்பினர். இந்தக் கணக்கு ஒவ்வாமையும் 1855இல் அச்செமினரி மூடப்பட்டதற்கு ஒரு காரணம். ஆறுமுக நாவலர் தாமே வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் கற்று, கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பிலே பல்லாண்டு உழைத்து ஊதியம் பெற்றவர். அவர் கிறிஸ்தவராகவில்லை, அந்தப் பைபிளைப் படித்த படிப்பையே படைக்கலமாக்கி எதிர்த்து நின்றார். மிசன் சோறு அத்துணை வல்லமையுடையதாயின் நாவலரிடத்தில் அது ஏன் தோற்றது? நாவலர்பால் நமக்குள்ள மதிப்புக் குறையாமலே இதனைக் கேட்கலாம்: தமக்கிருந்த மனவுறுதி ஒரு கூலிக்காரனுக்கும் இருக்கக்கூடும் என்று அவரது வழிவந்தோர் ஏன் எண்ணவில்லை?

மறுகரையில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இருக்கிறார். திருநெல்வேலி வைணவ வேளாளர். கால்டுவெல்லின் கீழ்ச் சாயர்புரத்து மிசன் கல்லூரியிலே தமிழாசிரியர். நண்பரோடு பேசியும் நூல் பயின்றும் நெடுநாள் மனம் குழம்பி 1858இற் சென்னையிலே ஞானஸ்நானம் பெற்றார். பின்பு "இரட்சணிய யாத்திரிகம்" பாடினார். அவரும் மிசன் சம்பளம் வாங்கியவரே. எனினும் அவரைச் சோற்றுக் கிறிஸ்தவர் என்று எவனும் கூறத் துணியான், கூறுவது அநியாயம். அவருக்குக் காட்டும் இந்த நியாயத்தை, அதே மாவட்டத்தில் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சித் தொட்டியடியில் வரிசையாக நின்று, பின்னர்க் கோவிற் பதிவேட்டிலும் பெயர் கொடுத்தானே, அவனுக்கும் காட்டுங்கள் என்கிறேன். அவர்களிற் சிலர் மழை பெய்தபின் திரும்பிப் போனார்கள். பலர் போகவில்லை. போகாதவரின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள்.

திருவிதாங்கூரிலே நாடார்குலப் பெண்கள் கிறிஸ்தவராயினர். ஏன்? மார்பை மறைக்க. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதுவே எனக்குப் போதும். 1829இற் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது, மேற்சாதியார் போல் மேலாடை இடலாகாது என்ற நிபந்தனையோடு. 1858-59இல் ஆடை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. 1859 பிரகடனமே அவ்வகுப்புப் பெண்கள் அனைவருக்கும் ஓரளவு உரிமை தந்தது. ஒரு முழத் துணிக்காகச் சமயத்தை மாற்றினார்கள் என்று நகைப்போரே, உமது தாய்க்கு அத்துணி மறுக்கப்பட்டிருந்தால் நீர் எந்தத் தத்துவ நூலைப் புரட்டிக்கொண்டிருந்திருப்பீர்? மனிதனுக்கு மானம் கொடுத்த சமயத்தை அவன் மெய்யென்று நம்பினால், அதைவிட நேரிய ஆராய்ச்சி எது? அதே குலத்தார் 1897இற் கமுதிக் கோவிலுட் புகுந்தமைக்காக வழக்குக்கு இழுக்கப்பட்டு, 1908இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்று தோற்றனர். சொந்தக் கோவிலின் கதவை அடைத்துவிட்டு, அடுத்த வாசலால் ஏன் போனாய் என்று கேட்பது எத்தகைய நீதி!

இதனாற் பாதிரிமார் பக்கத்து வாதத்தை நான் ஏற்பதாக எவரும் கருதவேண்டா. அவர்கள் வேறொரு பொய்யைச் சொல்கின்றனர். மதமாற்றம் என்றாலே தமஸ்கு வீதியிற் பவுல் கண்ட ஒளியும், 386இல் மிலான் தோட்டத்தில் அகுஸ்தீன் சிந்திய கண்ணீருமே என்று பிரசங்கித்து, பள்ளிக்கூட அனுமதியும், மருத்துவமும், பஞ்சநிவாரணமும், துப்பாக்கியின் நிழலும் ஆற்றிய பங்கை மறைக்கின்றனர். மறைப்பதற்குக் காரணமுண்டு. ஒளியைக் கண்டு வந்தவனுக்குத் திருச்சபை எதுவும் கடன்பட்டதன்று. மானத்தைத் தேடி வந்தவனுக்கோ மானத்தைக் கொடுத்தாகவேண்டும். அதைத்தான் கொடுக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துத் தேவாலயம் வேளாளரையும் நாடாரையும் பிரிக்கும் சுவரோடு இருந்தது. இரு கூட்டமும் ஒருவரையொருவர் காணாது ஒரே பீடத்தை நோக்கின. 1910இலேதான் ஒரு குருவானவர் அச்சுவரை இடித்தார். வேளாளர் நீதிமன்றம் ஏறினர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பாடசாலைகளில் வாங்கில் அமர்வதற்கும் தரையில் அமர்வதற்கும் இடையிலே சாதி நின்றது; சம ஆசனம் 1920களின் பிற்பகுதியிலும் போராட்டப் பொருளாகவே இருந்தது. சோறு கொடுத்தவர்கள் பந்தியைப் பிரித்தே கொடுத்தார்கள்.

பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. தமிழ்நாட்டில் 2002இல் இயற்றப்பட்டு 2004இல் நீக்கப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச்சட்டம், பொதுவாக மூன்றாண்டுச் சிறை என்றது. மாறியவர் பெண்ணாயினும், சிறுவராயினும், தாழ்த்தப்பட்ட வகுப்பினராயினும் நான்காண்டு என்றது. வளர்ந்த பெண்ணும், வாக்களிக்கும் தலித்தும் அச்சட்டத்தின் கண்ணில் எட்டு வயதுக் குழந்தைக்குச் சமானம். 2004இல் நமது பாராளுமன்றத்துக்கு வந்த தனியார் மசோதா, ஆசைகாட்டி மதம் மாற்றுவதைக் குற்றமாக்க முயன்றது, உயர்நீதிமன்றம் அதன் வாசகங்கள் சில அரசியலமைப்புக்கு மாறானவை என்று கண்டது, அது சட்டமாகவில்லை. ஆனால் யாரை மாற்றினால் தண்டனை கூடும் என்று அது ஒரு பட்டியலே வைத்திருந்தது. சமுர்த்தி பெறுவோர், மருத்துவமனையில் கிடப்போர், அகதிகள், சிறையிலிருப்போர், மாணவர் என்று அது நீண்டது. வட்டிக்கு விடுவோரும், காணிச் சொந்தக்காரரும், முதலியாரின் பேரப்பிள்ளைகளும் அதில் இல்லை.