சுவரைக் கழுவினோம், மனசு?



2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் பக்கம் வீட்டுச் சுவரெல்லாம் எண்ணெய் படிந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். நிவாரணம் யாருக்கு எவ்வளவு என்று வந்த மனத்தாங்கல் மட்டும் நம் சடையங்குப்பத்தில் இன்னும் போகவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டார், திருவிருந்துக்கு ஒரே வரிசையில் முழங்கால் போடுகிறார்கள்.

உபவாசம், வேதவாசிப்பு எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இருதய சுத்தத்துக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார். தப்பு யாருடையது என்று அங்கே விசாரிக்கவில்லை. (கொஞ்சம் கசக்கிற வசனம்தான்!)

அடுத்த திருவிருந்துக்குள் அந்த வீட்டுப் படி ஏறுங்கள். வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பினால் போதாது.