ஃபார்முலா 4: ரேஸ் முடிந்தது, அப்புறம்?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 ராத்திரி ரேஸ் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் மயிலாப்பூர் வாக்கிங் கோஷ்டி இன்றைக்கும் இரண்டாகப் பிரிந்துவிடும். "சென்னைக்குப் பெருமை சார்" என்று ஒரு கட்சி. "ஓமந்தூரார் ஆஸ்பத்திரிப் பக்கம் ரோட்டை அடைத்து, பணக்காரப் பிள்ளைகளுக்கு விளையாட்டா?" என்று எதிர்க்கட்சி. எனக்கு இரண்டிலும் சேர மனமில்லை. ரேஸ் நடந்ததில் தப்பில்லை. அதோடு நிறுத்திக்கொண்டால்தான் தப்பு.

ஃபார்முலா 4 என்பது ஒற்றை இருக்கை கார் பந்தயத்தில் முதல் படி. கோ-கார்ட் ஓட்டிப் பழகிய பிள்ளைகள் 15 வயதில் இதில் ஏறலாம். ஸ்கூட்டர் லைசென்ஸ் கூடக் கிடைக்காத வயசு! எல்லாருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால், ஓட்டுகிறவனின் கெட்டிக்காரத்தனம்தான் அங்கே பேசும். மேலே ஃபார்முலா 3, 2, உச்சியில் 1.

இந்த ஏணி நமக்குப் புதிதல்ல. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், யுத்த காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடமே வந்தது. கோவை கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். அந்த வகைக் காரில்தான் நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓடினார். 2005-இல் ஃபார்முலா 1-க்கே போனார். 2010-இல் நம்ம சென்னை கருண் சந்தோக். அதாவது, பெரிய ஓட்டுநர்களைக் கொடுத்தது உள்ளூரிலேயே செய்த மலிவான கார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இருவருமே பந்தயக் குடும்பத்துப் பிள்ளைகள். வியாசர்பாடிப் பையன் ஃபுட்பாலில் முன்னேறுகிறான், வண்ணாரப்பேட்டைப் பெண் கேரமில் ஜெயிக்கிறாள். மைதானமும் பலகையும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். மோட்டார் பந்தயத்தில் திறமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கே பணம் வேண்டும். படி ஏற ஏற அது கோடிகளில் போய் நிற்கும்.

அண்ணா சாலை எல்லாருக்கும் சொந்தம். அதை அடைத்து ரேஸ் நடத்தினால் பலனும் எல்லார் பிள்ளைகளுக்கும் போகவேண்டும். கார்ப்பரேஷன் பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகளை கோ-கார்ட்டில் உட்காரவைத்து, கடிகாரத்தை வைத்துப் பார்க்கட்டும். தேறுகிற இரண்டு பேருக்கு வருஷா வருஷம் முழுச் செலவையும் அரசும் போட்டி நடத்துகிறவர்களும் ஏற்கட்டும். ஓட்டத் தெரியாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஐடிஐ மாணவர்களை மெக்கானிக்குகளாகப் பழக்கலாம்.

இன்னொன்று, பாதுகாப்பு. 2023 ஆகஸ்டில் அதே இருங்காட்டுக்கோட்டையில் தேசிய பைக் பந்தயத்தில் 13 வயதுப் பையன் விழுந்து இறந்துபோனான். எந்த வயதில், எவ்வளவு பயிற்சிக்குப் பிறகு, எந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றலாம் என்பதை ஓட்டுகிறவனின் அப்பா அம்மா மட்டும் அல்ல, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற நாமும் கேட்கவேண்டும்.

அடுத்த தடவை நேப்பியர் பாலத்தில் தடுப்பு வைத்தால் நான் கோபப்படமாட்டேன், சுற்றிக்கொண்டு போகிறேன். ஆனால் அந்த வரிசையில் நிற்கிற கார்களில் ஒன்றிலாவது, அப்பா ஆட்டோ ஓட்டுகிற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கவேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?