சிங்காநல்லூரில் வீடு.. ஓனர் அமெரிக்காவில்! வாங்குறவங்களும் விக்கிறவங்களும் எங்கே சிக்குறாங்க? முழு விவரம்

கோவை திருச்சி ரோட்டில், சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கம் வீடோ சைட்டோ தேடிப் போனால் புரோக்கர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது: "ஓனர் ஃபாரின்ல இருக்காருங்க, பவர் குடுத்திருக்காரு, ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க."

பிரச்சனை ஆரம்பிப்பதே அங்கேதான். வெளிநாட்டில் இருப்பவரிடம் சொத்து வாங்கும்போது வரி கட்டும் பொறுப்பில் பெரும்பகுதி வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. இது தெரியாமல் கிரயம் முடித்துவிட்டு, பிறகு வருமான வரித்துறை நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிட்டரைத் தேடுபவர்கள் உண்டு.

யார் என்ஆர்ஐ?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் மட்டும்தான் என்ஆர்ஐ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. துபாயில் வேலை பார்க்கும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர், ஒரு நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இங்கே இருந்தால் பொதுவாக அவரும் வரிக்கணக்கில் என்ஆர்ஐதான். இந்தியக் குடியுரிமையை விட்டுவிட்டு அமெரிக்க, பிரிட்டிஷ் குடிமகனாக மாறி, ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் தனி வகை. அவர்களுக்கும் சொத்து விஷயத்தில் கிட்டத்தட்ட இதே விதிகள்தான்.

ஆக, ஆதார், பான் கார்டு எல்லாம் வைத்திருக்கிறாரே, உள்ளூர்க்காரர்தானே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கே வசிக்கிறார் என்பதுதான் கேள்வி.

1 சதவீதம் இல்லை!

உள்ளூரில் வசிப்பவரிடம் 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள சொத்து வாங்கினால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டினால் போதும். என்ஆர்ஐ விற்றால் இந்தக் கணக்கே செல்லாது. 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த சொத்து என்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் 30 சதவீதம். இதோடு செஸ் 4 சதவீதம், தொகை 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் வேறு.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 2015-ல் 50 லட்சத்துக்கு வாங்கிய ஒரு ஃபிளாட்டை, வெளிநாட்டில் இருக்கும் ஓனர் இப்போது 80 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 30 லட்சம். இந்தியாவில் அவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால் உண்மையில் வர வேண்டிய வரி, செஸ்ஸையும் சேர்த்து 3.90 லட்சம். ஆனால் வாங்குபவருக்கு லாபம் எவ்வளவு என்று தெரியாது. அதனால் நடைமுறையில் முழு 80 லட்சத்துக்கும் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். அது 11.44 லட்சம்! மீதி ஏழரை லட்சத்தைத் திரும்ப வாங்க விற்பவர் ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டு ரீஃபண்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பேரம் தடம் மாறுகிறது. "1 சதவீதமே பிடிங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன்" என்பார் விற்பவர். வாங்குபவரும் நல்ல மனுஷன்தானே என்று தலையாட்டிவிடுவார். சட்டப்படி குறைவாகப் பிடித்த தொகைக்கும் அதற்கான வட்டிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவர். விற்றவர் பணத்தோடு விமானம் ஏறியிருப்பார்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. குறைந்த விகிதத்தில் டிடிஎஸ் பிடிக்க அனுமதிக்கும் சான்றிதழுக்கு விற்பவர் வருமான வரித்துறையிடம் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். வாங்கிய பத்திரம், செலவுக் கணக்கு எல்லாம் காட்டினால், உண்மையான லாபத்தைப் பார்த்து எவ்வளவு பிடித்தால் போதும் என்று அதிகாரி எழுதித் தருவார். வாரக்கணக்கில் ஆகும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது, ஏனென்றால் அட்வான்ஸ் தொகைக்கும் டிடிஎஸ் உண்டு.

பழைய வீடுகளுக்கு இன்னொரு விஷயம். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு அப்பா வாங்கிய சொத்து என்றால், அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய சொத்துக்கு, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் பழைய முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சலுகை இருக்கிறதே என்று கேட்கலாம். அது இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். என்ஆர்ஐகளுக்குக் கொடுக்கவில்லை. 20 வருஷம் முன்பு வாங்கியவர்களுக்கு இது உண்மையிலேயே வலிக்கும்.

இதுவரை இப்படி டிடிஎஸ் கட்ட, வாங்குபவர் டான் எண் தனியாக வாங்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு வீடு வாங்க இது எதற்கு என்ற புலம்பலுக்குப் பிறகு, பான் எண்ணை வைத்தே கட்ட வழி செய்யப்படும் என 2026 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்ததால் பிரிவு எண்களும் மாறிவிட்டன. ஆடிட்டர் இன்னும் '195' என்று சொன்னால், பழைய சட்டத்தின் பிரிவைத்தான் சொல்கிறார்.

'பவர்' செல்லுமா?

வெளிநாட்டில் எழுதும் பவர் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டு சான்று வாங்க வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கிரயத்தின்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் பத்திர ஆபீஸில் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அதோடு முடிந்தது.

வெறும் பவர் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வீடு நம்முடையது என்று இருப்பதும் ஆபத்து. அப்படிப்பட்ட 'பவர் விற்பனை' உரிமையைத் தராது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தோட்டம், தென்னந்தோப்பு?

கொங்குப் பகுதியில் அதிகம் தடுமாறுவது இதில்தான். என்ஆர்ஐ, ஓசிஐ இருவரும் வீடு, ஃபிளாட், கடை வாங்கலாம். விவசாய நிலம், எஸ்டேட், பண்ணை வீடு வாங்க முடியாது. அப்பா தன் தென்னந்தோப்பை அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி வைப்பதையும் ஃபெமா விதிகள் அனுமதிப்பதில்லை. ஆனால் உயில் மூலமோ வாரிசாகவோ அதே தோப்பு மகனுக்கு வரலாம். பாசத்தில் அவசரப்பட்டு செட்டில்மெண்ட் எழுதும் குடும்பங்கள் முதலில் இதை ஒரு வக்கீலிடம் கேட்டுவிடலாம். அப்படி வந்த தோப்பைப் பிறகு விற்றால், இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கு மட்டுமே விற்க முடியும்.

அனுமதி விஷயத்தை லேசாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூரு வழக்கு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் குடிமகளான ஒரு பெண், ரிசர்வ் வங்கி அனுமதி வாங்காமல் 1977-ல் எழுதிக்கொடுத்த தானப் பத்திரம் செல்லாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பழைய ஃபெரா சட்டக் காலத்து விவகாரம். ஆனால் 44 வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இலங்கைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விதி இன்னும் கடுமை. ஓசிஐ அட்டை இல்லாத பட்சத்தில், கோவையிலேயே பல வருஷமாக வசித்தாலும் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் வீடு வாங்க முடியாது. 5 வருஷம் வரை குத்தகைக்கு எடுக்கலாம், அவ்வளவுதான்.

பணத்தை எப்படிக் கொண்டு போவது?

விற்ற பணம் என்ஆர்ஓ கணக்கில் விழும். அதிலிருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வரி கட்டியாகிவிட்டது என்பதற்கு சிஏ சான்றிதழை வங்கி கேட்கும். பரம்பரைச் சொத்து என்றால் உயில் அல்லது வாரிசுச் சான்றும் தேவை. அமெரிக்காவில் வரி கட்டுபவர்கள் இந்த லாபத்தை அங்கேயும் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரிக்கு அங்கே கிரெடிட் கேட்க வழி இருப்பதால், டிடிஎஸ் சான்றிதழை வாங்குபவரிடமிருந்து மறக்காமல் வாங்கி வைக்க வேண்டும்.