கப்பலுக்கு முந்திய இரண்டு நாள்



வண்ணாத்திவில்லிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். காங்கேசன்துறையில் கப்பலேறி நாகப்பட்டினம் போகிறார்களாம். உம்மா, சாச்சி, தான், பெரிய மகன் என நான்கு பேர். கப்பல் சீட்டுக்கு மட்டும் காசு கட்டியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து துறைமுகம் வரை போவதையும், இடையில் யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்ப்பதையும் தாங்களே ஒழுங்கு செய்யலாமா, ஏஜன்சிக்காரரிடம் விட்டுவிடுவதா என்பது கேள்வி. உம்மா பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறார். என் கண்ணுக்கு அதுதான் முதல் வரி.

தாராளமாக நீங்களே செய்யலாம். ஆனால் ஒரு விடயம். வீசா கையில் வந்த பிறகுதான் சீட்டு எடுக்க வேண்டும். இந்தியா இணையத்தில் தரும் வீசாவைக் கொண்டு எல்லாத் துறைமுகத்திலும் இறங்க முடியாது. குறிப்பிட்ட விமான நிலையங்களும் துறைமுகங்களும்தான் அதற்கு உண்டு. ஆகவே உங்கள் வீசா நாகப்பட்டினத்தில் செல்லுமா என்று கப்பல் நிறுவனத்திடமும் வீசா அலுவலகத்திலும் இரண்டு இடத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். உம்மாவின் கடவுச்சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். வயதானவர்களுடையதுதான் அலுமாரியில் கிடந்து காலாவதியாகியிருக்கும்.

நம் பகுதியில் இந்த மாதிரிப் பயணம் புதிதல்ல. 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஅபருக்கு, அதாவது நாகப்பட்டினம் இருக்கும் அந்தச் சோழமண்டலக் கரைக்குத்தான் புறப்பட்டார். காற்று திருப்பி இலங்கைக் கரையில் விட்டது. அவர் எழுதியிருக்கும் 'பத்தாலா' நம் புத்தளம்தான் என்பது அறிஞர் கருத்து. வந்த இடத்தில் சும்மா இருந்தாரா? ஆரியச் சக்கரவர்த்தியிடம் பாவா ஆதம் மலை பார்க்க ஆசை என்றார். அரசரும் பல்லக்கும் யோகிகளும் பிராமணர்களும் சுமைகூலிகளும் கொடுத்து அனுப்பினார். கப்பல் தலைவரோ, ஒரு வருடம் ஆனாலும் நீங்கள் திரும்பும்வரை நகரமாட்டேன் என்றாராம். சகோதரிகளே, நம் கப்பல் தலைவர் அரை மணி நேரமும் காத்திருக்கமாட்டார். கணக்கையெல்லாம் அதை வைத்தே போடுங்கள்.

முதல் கணக்கு காலம். இந்தக் கப்பல் சேவை 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, சில நாளிலேயே பருவக்காற்றால் நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி வந்தது. அந்த ஆண்டும் மழைக்காலத்தில் நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் ஓடியது. ஆக ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இந்தக் கப்பலை நம்பி ஒரு கல்யாணத்துக்கோ கந்தூரிக்கோ நாள் குறிக்காதீர்கள். 2011இல் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் ஒரு கப்பல் விட்டார்கள். சில மாதத்தில் அதுவும் நின்றது. மற்ற மாதங்களிலும் புறப்படும் வாரத்தில் ஒருமுறை, முதல்நாள் ஒருமுறை போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இனி வழி. எலுவன்குளம் வழியாக வில்பத்துவைக் கடந்து மன்னாருக்குப் போகும் பழைய பாதை கிட்டத்தில் இருக்கிறதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது காட்டுப் பாதை. கலா ஓயா பெருகினால் அதோடு முடிந்தது. கப்பல் பிடிக்கப் போகிறவர்களுக்கு அது வேண்டாம். புத்தளம் வந்து, அநுராதபுரம், வவுனியா வழியாக ஏ9 வீதியில் போவதே சரி. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் பல புத்தளம் வழியாகத்தான் போகின்றன. புத்தளத்தில் ஏறுவதாகச் சொல்லி முன்கூட்டியே சீட் பிடிக்கலாம். இரவு பஸ் என்றால், வண்ணாத்திவில்லிலிருந்து கடைசி பஸ்ஸை நம்பாமல் பகலிலேயே புத்தளத்தில் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். உம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அநுராதபுரம் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து ரயிலிலும் போவது சுகம். ரயில் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 1990இல் அறுந்த வடபாதை ரயில் 2014இல்தான் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. மழையும் அதைச் சும்மா விடுவதில்லை. 2025 நவம்பர் டித்வா வெள்ளத்தில் புத்தளம் அநுராதபுரம் வீதியில் கலா ஓயாவில் பஸ் ஒன்று சிக்கி, அதில் வந்தவர்களைக் கடற்படை மீட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம்.

அதனால்தான் கப்பல் நாளுக்கு முன் இரண்டு இரவு யாழ்ப்பாணத்தில் தங்குங்கள் என்கிறேன். ஒன்று தாமதத்துக்கு, மற்றது உம்மாவுக்கு.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்ப் பக்கத்தவர்கள் அதே மாதத்தில் அதற்குச் சற்று முன்பு. புத்தளத்து வீடுகளும் பள்ளிகளும் அவர்களுக்குக் கதவு திறந்தன. அந்தப் பிள்ளைகள் இங்கேயே வளர்ந்து, இங்கேயே கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார்கள். ஆகவே சோனகத் தெருவுக்குப் போவதைக் கோட்டையும் நூலகமும் பார்ப்பதோடு சேர்த்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடாதீர்கள். ஒரு முழுக் காலையையே அதற்கு வையுங்கள். வாடகை வேன் சாரதி, "பார்த்தாச்சா, போகலாமா" என்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும் இடமல்ல அது. ஆட்டோவில் ஐந்து சந்தியில் இறங்கி, அவரை அனுப்பிவிட்டு நடந்து போங்கள். உம்மா முன்னே நடக்கட்டும். வீடு இருந்த இடத்தில் இப்போது சுவர் மட்டும் இருக்கலாம், வேறு ஆட்கள் இருக்கலாம். கதவைத் தட்டுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கும் வேலையை மகன் அந்த நேரத்தில் விட்டுவிடட்டும். திரும்பி வந்து குடியிருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். பள்ளிவாசலில் விசாரித்தால் பழைய குடும்பப் பெயர் தெரிந்தவர் யாராவது அகப்படுவார். பெண்கள் தொழ இடம் எங்கே என்பதையும் அங்கேயே கேட்கலாம். ஹலால் சாப்பாடும் அந்தப் பக்கம்தான்.

மாலையில் கோட்டைக்குப் போங்கள். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்தது. கொத்தளத்தில் கடற்காற்று நன்றாக வரும். 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்ட நூலகம் அதற்குக் கிட்டத்தான். நெடுந்தீவு, நயினாதீவு என்று மகன் ஆசைப்படுவான். கப்பலுக்கு முதல்நாள் படகேறி வேறொரு தீவுக்குப் போவது புத்தியல்ல. காற்று எழுந்தால் அங்கேயே இருக்க வேண்டியதுதான். திரும்பி வரும்போது பார்க்கலாம்.

தொழுகை பற்றி: கப்பல் பெரும்பாலும் காலையில் நாகையிலிருந்து வந்து, பிற்பகலில் திரும்பிப் போகிறது. ஏறக்குறைய நான்கு மணி நேரம் கடலில். ளுஹரையும் அஸரையும் கஸ்ராகவும் ஜம்ஆகவும் சேர்த்துத் தொழுதுவிட்டு ஏறினால் மனம் நிம்மதி. பிறந்த ஊரில் கஸ்ரு தொழலாமா என்று உம்மா கேட்பார். அதை ஊர் ஆலிமிடம் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை இருபது கிலோமீட்டருக்கு உள்ளேதான். ஆனாலும் சீட்டில் குறித்த நேரத்துக்கு ஒரு மணி முந்தியே வாசலில் நில்லுங்கள். ஆட்டோவை முதல்நாளே பேசி, நான்கு பேருக்கும் பொதிக்கும் இரண்டு வண்டி என்று சொல்லி, கூலியையும் தீர்த்துவிடுங்கள். பொதியின் எடைக்கு எல்லை உண்டு. சொந்தக்காரருக்கென்று முந்திரிப் பருப்பு கட்டுகிறீர்களா? வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். துறைமுகச் சுற்றுப்புறத்தில் படம் பிடிக்க வேண்டாம். காலையில் வயிறு நிறையச் சாப்பிடாமல் இடியப்பமும் இஞ்சித் தேநீரும் போதும். கப்பலின் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு.

அக்கரையில் இறங்கும்போது மஃரிப் நெருங்கிவிடும். அந்த இரவுக்கான அறையை இங்கிருந்தே பதிந்துகொள்ளுங்கள். நாகூர் ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆட்டோவிலேயே போகலாம். இலங்கை ரூபாயை அங்கே மாற்றலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். திரும்பும் கப்பல் நின்றுபோனால் திருச்சிக்கு ரயிலோ பஸ்ஸோ பிடித்து, அங்கிருந்து கொழும்புக்கு விமானம் எடுக்கலாம். அதற்கான காசை நான்கு பேருக்கும் கணக்கிட்டுத் தனியாக ஒரு உறையில் போட்டு, சாச்சியிடம் கொடுத்து வையுங்கள். கடைத்தெருவில் கை நீளாதவர் அவர்தானே!