லினக்ஸில் தமிழ் வராதா?

சென்ற மாதம் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆய்வகத்தின் 20 கணினிகளிலும் லினக்ஸை நீக்கி விண்டோஸ் ஏற்ற வேண்டும். காரணம், ‘லினக்ஸில் தமிழ் வராது’. கூடவே ஒரு துணைத் தீர்மானம்: மாணவர்கள் இனிப் பாமினி எழுத்துருவிலேயே கட்டுரைகளைத் தட்டச்சு செய்யட்டும். கையெழுத்திட மறுத்தவன் நான் ஒருவன்தான். மறுப்பை விளக்க அங்கே இரண்டு நிமிடமே கிடைத்தது. ஆகவே இங்கே.

நடந்தது இதுதான். கணினியை இயக்கினால் எல்லாம் வரும், தமிழ் மட்டும் வராது. பழுதுபார்க்க வந்த இளைஞர் எதையோ சொடுக்கினார், தமிழ் வந்தது. “சரியாயிருச்சுங்க சார்” என்றார். மறுநாள் காலை மீண்டும் காணோம். மீண்டும் வந்தார், மீண்டும் சொடுக்கினார். ஒரு பருவம் முழுக்க இந்தக் கூத்து. முதுகலை மாணவி ஒருத்தி குறுந்தொகை பற்றிய கருத்தரங்கக் கட்டுரையை ஆங்கில எழுத்துகளிலேயே தமிழாகத் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். துறையில் யாருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆங்கிலத்துக்கு ஒரு விசைக்கு ஓர் எழுத்து. வேறு துணை வேண்டாம். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 முறையிலோ ககரத்தை இருமுறை தட்டினால் முதற்ககரம் தானாகப் புள்ளி பெறும். அதாவது, முந்தைய விசை எதுவென்று நினைவில் வைத்திருக்க ஒருவர் வேண்டும். எங்கள் கணினிகளில் அந்த வேலையைச் செய்வது ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரல். திரைக்குப் பின்னால் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்க வேண்டிய பின்னணிச் சேவை. அது எழவில்லையென்றால் பிழைச்செய்தியும் வராது. விசையைத் தட்டினால் ஆங்கிலம் வரும், அவ்வளவே. குநோம் போன்ற பெரிய திரைச்சூழல்களில் ஐபஸ் தானாகவே எழுந்துவிடும். எங்களுடையவை பழைய கணினிகள். இலகுவான எக்ஸ்எஃப்சிஇ சூழல். அங்கே அதை எழுப்பும்படி யாரேனும் ஒருமுறை சொல்லிவைக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை.

இதை விளங்கிக்கொள்ளக் கணினியியல் பட்டம் வேண்டியதில்லை. மோட்டார் பம்புக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும். தோட்டத்துக்காரர் எழுந்துபோய்ப் பச்சைப் பொத்தானை அழுத்துவார். மின்சாரம் போய் மறுபடி வந்தால் மறுபடி போக வேண்டும். அந்தத் தொல்லைக்குத்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டினார்கள். லினக்ஸ் சேவைகளிலும் இவ்விரண்டும் வேறு வேறு. ‘ஸ்டார்ட்’ என்பது இப்போதைக்கு ஓடவைப்பது. ‘எனேபிள்’ என்பது ஒவ்வொரு தொடக்கத்திலும் ஓடும்படி சொல்லிவைப்பது. அந்த இளைஞர் நாள்தோறும் அழுத்தியது பச்சைப் பொத்தானை.

நானும் முதலில் தவறினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐபஸை முழுக் கணினிக்குமான சேவையாகப் பதிந்து எனேபிள் செய்தேன். அது பயனர் உள்நுழையும் முன்பே எழுந்து, ஒட்டிக்கொள்ளத் திரை இல்லாமல் செத்துப்போயிற்று. மூன்று முனையும் வந்து சேருமுன் மோட்டாரை ஓட்டினால் காயில் கருகும் அல்லவா, அதே கதை. ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டிய பதிவில், திரையைத் திறக்க முடியவில்லை என்று ஒற்றை வரி கிடந்தது. அதைப் படித்த பிறகுதான் புத்தி வந்தது. பயனர் உள்நுழைந்ததும் ஐபஸ் எழும்படி எக்ஸ்எஃப்சிஇயின் ‘செஷன் அண்ட் ஸ்டார்ட்டப்’ பட்டியலில் சேர்த்தேன். செயலிகள் அதனுடன் பேசுவதற்கான மூன்று சூழல்மாறிகளைத் தொடக்கக் கோப்பில் எழுதினேன். கணினி ஒன்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பாமினிக்கு இந்தச் சேவை தேவையில்லை என்பது உண்மை. ஏனெனில் பாமினிக் கோப்பில் தமிழே இல்லை. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். ‘குறிஞ்சி’ என்று யுனிகோடில் தேடினால் அகப்படாது. அந்த மாணவியின் கட்டுரைக்கும் இதற்கும் ஒரே வேறுபாடு, அவள் எதையும் மறைக்கவில்லை.

2010 ஜூனில் இதே கோவையில், கொடிசியா வளாகத்தில், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் உடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தன. யுனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றதும் அப்போதுதான். எங்கள் துறையினர் சிலர் அங்கே கட்டுரை வாசித்தவர்கள். சான்றிதழ்கள் சட்டமிட்டுச் சுவரில் தொங்குகின்றன. அந்தச் சுவரின் கீழே அமர்ந்துதான் பாமினிக்குக் கைதூக்கினார்கள்!

“நாமெல்லாம் இலக்கியக்காரர்கள், இதெல்லாம் நமக்கெதற்கு?” என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காகக் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் விடுமுறைதோறும் சென்னைக்கு ஓடி அச்சகத்தில் காத்துக்கிடந்து படி திருத்தினார். அவரும் இலக்கியக்காரர்தான், ஐயா.

லினக்ஸ் அன்பர்களையும் விட்டுவிட மனமில்லை. தமிழுக்கான சேவை செத்துக்கிடக்கும்போது திரையில் ஒரு வரி சொன்னால் என்ன? பதிவேட்டின் அடியாழத்தில் ஆங்கிலத்தில் முணுமுணுப்பதை எந்தத் தமிழாசிரியர் போய்ப் படிப்பார்? ‘வராது’ என்ற பேச்சுக்குப் பாதி விதை அந்த மௌனத்தில் இருக்கிறது.

தீர்மானம் இன்னும் பதிவேட்டில்தான் உள்ளது. 14 கணினிகளை முடித்துவிட்டேன். மீதி ஆறும் வரும் சனிக்கிழமைக்குள். திங்கட்கிழமை அத்தனையையும் அணைத்து, மறுபடி இயக்கி, கையெழுத்திட்டவர்களையே உட்காரவைத்துத் தட்டச் சொல்லப்போகிறேன்.